விடை வந்த பிறகு

பொறியியல் கல்லூரிப் பிரவேசப் பரீட்சைகளுக்கு மாணாக்கர்களைத் தயார் செய்யும் வேலையை நெடுங்காலமாகச் செய்துவருகிறவன் ஆகையால், ஜூன் மாதம் பிறந்து பள்ளிக்கூடங்கள் திறந்தவுடன் பிள்ளையைக் கையோடு அழைத்துக்கொண்டு வருகிற பெற்றோர் என்ன கேட்கப்போகிறார்கள் என்பது, அவர்கள் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே நுழைவதற்கு முன்பே எனக்குத் தெரிந்துவிடும். "சார், மொத்தம் எத்தனை சம் போட்டுப் பார்த்தால் ஐ.ஐ.டி. கிடைக்கும்?" பௌதிகத்தில் இத்தனை ஆயிரம், ரசாயனத்தில் இத்தனை ஆயிரம் என்று நான் ஒரு தொகையைச் சொல்லிவிட்டால் அவர்கள் மனம் சமாதானம் அடையும். நான் அப்படிச் சொல்வதில்லை. ஆதலால் அவர்கள் சற்று அதிருப்தியோடேயே எழுந்து போகிறார்கள். அந்தத் தொகையைத் தயக்கமின்றிச் சொல்லக்கூடிய வேறு ஆசிரியரைத் தேடிக்கொண்டு போய்விடுவோரும் உண்டு. அவர்களிடம் நின்ற நிலையில் சொல்லி முடிக்க இயலாததை இங்கே சாவகாசமாகச் சொல்லலாம் என்று தோன்றுகிறது.

இந்த எண்ணிக்கைப் பித்து எங்கிருந்து வந்தது என்பதைப் பார்த்தால் அதில் ஓரளவு நியாயம் இருப்பதும் விளங்கும். ராஜஸ்தானத்துக் கோட்டா நகரில் ஜே.கே. சிந்தெடிக்ஸ் ஆலையில் பொறியாளராக இருந்த வி.கே. பன்சால் என்பவர், தசைகள் படிப்படியாக வலுவிழக்கும் நோயினால் சக்கர நாற்காலியில் அமர நேர்ந்து, வீட்டிலேயே பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லத் தொடங்கி, 1991இல் அதை ஒரு பயிற்சி நிலையமாக்கினார். 2021இல் அவர் மறைந்தபோது, ஒரு நகரத்தின் ஜீவனோபாயத்தையே மாற்றிவிட்ட மனிதராக இருந்தார். அந்நகரத்து வகுப்புகளில் தினமும் ஒரு தாளில் சில கணக்குகளைக் கொடுத்து மறுநாள் போட்டுக்கொண்டு வரச் சொல்லும் வழக்கம் உண்டு, 'டி.பி.பி.' என்று பிள்ளைகள் அதைச் சொல்வார்கள். நம் சென்னையிலோ அதற்கும் முந்தியே, பிரில்லியண்ட் டுட்டோரியல்ஸ் தபால் மூலம் அனுப்பிய பாடக் கட்டுகள் தேசத்தின் மூலைமுடுக்குகளுக்கெல்லாம் சென்று, பயிற்சி வகுப்பையே கண்டறியாத சிற்றூர்ப் பிள்ளைகளுக்கு ஆசானாக விளங்கின. தினந்தோறும் அப்பியாசம் செய்ய வேண்டும் என்பதில் யாருக்கும் ஆட்சேபம் இருக்க முடியாது. ஆனால் தாளில் எத்தனை கணக்கு முடிந்தது என்பது அளவுகோலாகிவிட்ட பின்பு, ஒரு கணக்கு மாணாக்கனுக்கு என்ன கற்பித்தது என்று கேட்பார் இல்லாமல் போய்விட்டது.

என்னுடைய அபிப்பிராயத்தைச் சுருங்கச் சொல்லிவிடுகிறேன். விடை வந்த இடத்தில் கணக்கின் பாதிதான் முடிந்திருக்கிறது. மற்றப் பாதி, அந்த விடையைக் குறுக்கு விசாரணை செய்வது. பத்துக் கணக்குகளைப் போட்டுப் பத்து விடைகளைக் கட்டம் கட்டி வைத்தவனைக் காட்டிலும், ஒரே கணக்கைப் போட்டு அதன் நிபந்தனைகளைப் பத்து விதமாக மாற்றிப் பார்த்தவன் பரீட்சை மண்டபத்தில் புதிய கேள்வி ஒன்றைச் சந்திக்கும்போது திகைக்க மாட்டான். ஏனெனில் அந்தப் புதிய கேள்வி பெரும்பாலும் ஏதோ ஒரு பழைய கேள்வியின் மாற்றப்பட்ட நிபந்தனையாகவே இருக்கும்.

இதற்குத் திருஷ்டாந்தம் வேண்டுமானால், இரோடாவ் என்ற ருஷியப் பேராசிரியரின் புத்தகத்தைத் திறந்தவுடன் வருகிற முதல் கணக்கே போதும். மாஸ்கோ பொறியியல் பௌதிகக் கழகத்தில் பாடம் சொன்னவர் அவர். மாஸ்கோவின் மீர் பதிப்பகம் அச்சிட்ட அந்தப் பௌதிகக் கணக்குப் புத்தகமும் அதன் சகோதரப் புத்தகங்களும் நியூ செஞ்சுரி புத்தக நிலையத்தின் வாயிலாக நம் ஊர்களுக்கு மிக மலிவான விலையில் வந்துகொண்டிருந்த காலத்தை என் வயதினர் மறந்திருக்க மாட்டார்கள். கெட்டி அட்டையும் ஒருவிதமான காகித வாசனையும் உடைய அப்புத்தகங்களில், ஒவ்வொரு அதிகாரத்தின் தொடக்கத்திலும் சூத்திரங்கள் சிக்கனமாகத் தரப்பட்டிருக்கும், பிறகு கணக்குகள், கடைசியில் விடைகள். விடைகளில் பெரும்பாலானவை ஒரே வரியில் இருக்கும். அந்த ஒரு வரிக்கு எப்படிப் போய்ச் சேர்வது என்பது படிப்பவன் பாடு. இக்காலத்துப் பிள்ளைகள் இதைக் குறையாகச் சொல்கிறார்கள். அந்தப் புத்தகத்தின் தலையாய குணமே அதுதான் என்பது என் கட்சி.

முதல் கணக்கின் விஷயம் இது. ஆற்றின் போக்கில் செல்லுகிற விசைப்படகு ஒன்று, தானாக மிதந்துசெல்லும் தெப்பம் ஒன்றை ஓரிடத்தில் முந்திச் செல்கிறது. ஒரு மணி நேரம் கழித்துப் படகு திரும்புகிறது. திரும்பி வருகையில், முன்பு முந்திய இடத்திலிருந்து 6 கிலோமீட்டர் கீழே அதே தெப்பத்தை மீண்டும் சந்திக்கிறது. எந்திரம் முழு நேரமும் ஒரே விதமாக ஓடியது என்றால், ஆற்றின் வேகம் என்ன?

மாணாக்கர்கள் வழக்கமாகச் செய்வது, கரையில் நின்றுகொண்டு பார்ப்பதுதான். படகின் வேகத்துக்கு ஓர் எழுத்து, ஆற்றின் வேகத்துக்கு ஓர் எழுத்து, திரும்பி வந்த நேரத்துக்கு ஓர் எழுத்து என்று வைத்துக்கொண்டு, போகும்போது கூட்டியும் வரும்போது கழித்தும் இரண்டு சமன்பாடுகளை எழுதுவார்கள். தெரியாதவை மூன்று, சமன்பாடுகள் இரண்டு, சற்றே கலவரமடைவார்கள், ஆயினும் சுருக்கிக்கொண்டே போனால் படகின் வேகம் இரு பக்கமும் அடிபட்டு, மணிக்கு 3 கிலோமீட்டர் என்று விடை வந்து நிற்கும். ஒரு மாணவிக்கும் எனக்கும் இது குறித்து நடந்த சம்பாஷணை இப்படி இருந்தது.

"விடை வந்துடுச்சு சார், மூணு."

"படகின் வேகம் என்னம்மா?"

"அதுதான் கணக்குல கொடுக்கவே இல்லையே சார்."

"கொடுக்காமலே விடை வந்துவிட்டதே, எப்படி?"

"கேன்சல் ஆயிடுச்சு சார்."

"ஏன் கேன்சல் ஆயிற்று?"

அவள் பதில் சொல்லவில்லை. என் முகத்தைச் சற்று ஐயத்தோடு பார்த்தாள். கேன்சல் ஆவதற்குக் காரணம் கேட்கிற வழக்கம் அவள் படித்த பள்ளிக்கூடத்தில் இல்லை போலும்.

காரணம் இதுதான்: கரையை விட்டுவிட்டுத் தெப்பத்தின் மேல் ஏறி உட்கார்ந்துகொள்ளுங்கள். தெப்பத்தில் இருப்பவனுக்கு ஆறு ஓடவே இல்லை, சுற்றிலும் உள்ள நீர் அசையாத குளமாகத் தோன்றும், ஓடுவது கரைதான். அந்தக் குளத்தில் ஒரு படகு நம்மை விட்டு ஒரு மணி நேரம் விலகிப் போகிறது. திரும்பிய பின், அதே வேகத்தில் வருவதால், ஒரு மணி நேரத்தில் நம்மிடம் வந்துசேர்கிறது. ஆக இரண்டு மணி நேரம். அதற்குள் நம் தெப்பம் 6 கிலோமீட்டர் போயிருக்கிறது. மணிக்கு 3. பேனாவே வேண்டியதில்லை. படகு விரைவாகப் போயிருந்தால் அதிக தூரம் விலகி, அதே விரைவில் திரும்பியிருக்கும். மெதுவாகப் போயிருந்தால் சிறிது தூரமே விலகியிருக்கும். எப்படியும் போன நேரமும் வந்த நேரமும் ஒன்றே. படகின் வேகம் அடிபட்டதன் ரகசியம் இவ்வளவுதான்.

பெரும்பாலோர் இவ்விடத்தில் "ஆகா" என்று சொல்லிவிட்டு அடுத்த கணக்குக்குப் போய்விடுகிறார்கள். நான் போக விடுவதில்லை. படகு முதலில் ஆற்றின் போக்குக்கு எதிராகப் போய்ப் பிறகு திரும்பியிருந்தால்? விடை மாறாது. திரும்பும்போது எந்திரம் பழுதாகி, நீரைப் பொறுத்த வேகம் பாதியாகிவிட்டால்? வரும் நேரம் இரண்டு மணி, மொத்தம் மூன்று. ஆற்றின் வேகம் மணிக்கு 2 ஆகும். இனி எல்லாவற்றிலும் சுவையான கேள்வி: படகின் வேகம் ஆற்றின் வேகத்தைவிடக் குறைவாக இருந்தால்? அப்போது படகு திரும்பினாலும் கரையில் நிற்பவன் கண்ணுக்கு அது பின்னோக்கி வராது. வெள்ளம் அதை முன்னோக்கியே இழுத்துக்கொண்டு போகும். 'அப்படியானால் சந்திப்பே நடக்காது' என்று வகுப்பில் பாதிப் பேர் சொல்வார்கள். தெப்பத்தின் மேல் உட்கார்ந்தவனைக் கேட்டால், அப்போதும் ஒரு மணி நேரத்தில் படகு தன்னிடம் வந்துவிட்டது என்பான். இந்தக் கடைசி மாற்றத்தை யோசித்து அனுபவித்த பிள்ளைக்குச் சார்பு வேகம் என்ற அதிகாரத்தில் இனிப் பெரிய பயம் ஒன்றும் இருக்காது.

அதே புத்தகத்தில் சற்றுத் தள்ளி வருகிற மற்றொரு கணக்கையும் சொல்லாமல் விட மனம் வரவில்லை. சம பக்க முக்கோணத்தின் மூன்று மூலைகளில் மூன்று பேர் நிற்கிறார்கள். முதலாமவன் இரண்டாமவனையும், இரண்டாமவன் மூன்றாமவனையும், மூன்றாமவன் முதலாமவனையும் நோக்கி, ஒரே வேகத்தில், எப்போதும் இலக்கின் மேலேயே கண் வைத்து நடக்கத் தொடங்குகிறார்கள். எவ்வளவு நேரத்தில் மூவரும் ஒன்று கூடுவார்கள்? அவர்கள் செல்லும் பாதை வளைந்து வளைந்து உள்ளே சுருளும்; அதன் நீளத்தைக் காண நுண்கணிதத்தில் இறங்குவோர் உண்டு. இறங்க வேண்டியதில்லை. ஒருவனுக்கும் அவன் துரத்துகிறவனுக்கும் இடையே உள்ள தூரம் எந்த விகிதத்தில் குறைகிறது என்பதை மட்டும் பார்த்தால் போதும். துரத்துகிறவன் தன் முழு வேகத்தோடும் நெருங்குகிறான். துரத்தப்படுகிறவனோ தன் வேகத்தில் பாதியளவு இவன் பக்கமாகவே வருகிறான். ஆக, ஒன்றரை மடங்கு வேகத்தில் தூரம் குறைகிறது. பக்க நீளத்தை வேகத்தின் ஒன்றரை மடங்கால் வகுத்தால் விடை.

இப்போது விசாரணை. சதுரத்தின் நான்கு மூலைகளில் நான்கு பேர் நின்றால், துரத்தப்படுகிறவன் செங்குத்தாக விலகிப் போகிறான். தூரத்தைக் கூட்டுவதிலோ குறைப்பதிலோ அவனுக்குப் பங்கில்லை. ஆகவே ஒருவன் தனியே நடந்து பக்கத்தின் நீளத்தைக் கடக்கும் நேரமே விடை. அறுகோணமானால் துரத்தப்படுகிறவன் பாதி வேகத்தில் ஓடிப் போகிறான். நேரம் சதுரத்துக்கு ஆனதைப்போல் இரு மடங்கு. இரண்டே பேரானால் நேருக்கு நேர், நேரம் பாதி. மூலைகள் பெருகப் பெருக, முன்னால் போகிறவன் ஏறக்குறைய நாம் போகும் திசையிலேயே போவான். அவனை எட்டிப் பிடிப்பது மேன்மேலும் தாமதமாகும். மூலைகள் எண்ணிறந்து வட்டமாகவே ஆகிவிட்டால் எல்லோரும் சுற்றிச்சுற்றி வர வேண்டியதுதான், சந்திப்பு என்பது இல்லை. ஒரே கணக்கிலிருந்து ஒரு குடும்பமே பிறந்துவிட்டது. இதில் எந்த உறுப்பினரைப் பரீட்சகர் கேட்டாலும் பதில் சொல்லலாம். அது மாத்திரமல்ல, பொதுச் சூத்திரம் ஒன்றை ஒருவர் எழுதிக் காட்டினால், இரண்டு பேர் நேருக்கு நேர் வரும் எளிய நிலையில் அது சரியான விடையைத் தருகிறதா என்று சோதித்து, தராவிட்டால் சூத்திரம் தவறு என்று தள்ளிவிடவும் தெரிந்துகொள்கிறோம்.

ருஷியப் புத்தகங்களைப் புகழ்ந்ததால் நம் நாட்டவரை மறந்தேன் என்று எண்ண வேண்டாம். பாட்னா சயன்ஸ் காலேஜில் ஆசிரியராக இருந்தபோது எச்.சி. வர்மா எழுதி 1992இல் இரண்டு பாகங்களாக வெளிவந்த பௌதிகப் புத்தகம், பின்னர் அவர் கான்பூர் ஐ.ஐ.டி.க்குப் போய்ப் பேராசிரியராகி 2020இல் பத்மஸ்ரீ விருதுக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட பிறகும், முப்பது ஆண்டுகளாகப் பிள்ளைகளின் மேசையை விட்டு அகலவில்லை. அதில் வெக்டர் பற்றிய பாடத்தை ஒட்டி ஒரு கணக்கு: கட்டிலின் மேல் கட்டிய கொசுவலை, நீளம் 7 அடி, அகலம் 4 அடி, உயரம் 3 அடி, ஒரு மூலையில் உள்ள ஓட்டை வழியாக நுழைந்த கொசு எதிர் மூலையில் மேலே போய் உட்காருகிறது, அதன் இடப்பெயர்ச்சி என்ன? 49, 16, 9 மூன்றையும் கூட்டினால் 74, அதன் வர்க்கமூலம். கணக்கு அற்பமானதுதான். ஆனால் கொசுவலைக்குள் படுத்துப் பழகிய பிள்ளைக்கு முப்பரிமாணம் என்பது அச்சிட்ட மூன்று அம்புக்குறிகளாக இராமல், தலைக்கு மேலே தொங்குகிற ஒரு பொருளாகிவிடுகிறது. அந்நிய நாட்டுப் பாட நூல்களில் பனிச்சறுக்குக் கட்டைகளையும் பேஸ்பால் மட்டைகளையும் வைத்துக் கேட்ட கேள்விகளை விளங்காமலே போட்டுப் பழகிய எங்களுக்கு இது எவ்வளவு பெரிய உபகாரம் என்பது தெரியும். அவர் புத்தகத்தில் அதிகாரம்தோறும் வருகிற சிறு கேள்விகளை, எண்கள் இல்லை என்பதால் பிள்ளைகள் தாண்டிப் போய்விடுகிறார்கள். உள்ளபடியே பார்த்தால் அவைதாம் அப்புத்தகத்தின் உயிர்நிலை.

ரசாயனத்துக்கு வருவோம். இந்தப் பாடத்துக்கு ஓர் அநியாயம் நடந்துகொண்டிருக்கிறது: பௌதிகம் புத்திக்கு, ரசாயனம் ஞாபகத்துக்கு என்று ஒரு பாகப்பிரிவினையை யாரோ செய்துவைத்திருக்கிறார்கள். கரிம ரசாயனத்திலும் கனிம ரசாயனத்திலும் நெட்டுருப் போட வேண்டிய பகுதி உண்டு என்பதை மறுக்க மாட்டேன். ஆயினும் நல்ல ரசாயனக் கணக்கு ஒன்று, மனப்பாடத்தின் மேல் மட்டும் நிற்கிறவனைக் குப்புறத் தள்ளுவதற்கென்றே அமைக்கப்பட்டிருக்கும்.

பழைய உதாரணம் ஒன்று. ஹைட்ரோகுளோரிக் அமிலத்தின் கரைசல், அதன் செறிவு லிட்டருக்கு 10⁻⁸ மோல், பி.எச். எவ்வளவு? மடக்கை எடுத்து, குறியை மாற்றி, 8 என்று எழுதுகிறவன் சூத்திரத்தைப் பிழையின்றிப் பயன்படுத்தியிருக்கிறான். ஆனால் பி.எச். 8 என்றால் அது காரம் அல்லவா? தண்ணீரில் அமிலத்தை எவ்வளவு நீர்த்துக் கரைத்தாலும் அது காரமாகுமா? விடையைப் பார்த்துத் திடுக்கிடாத மாணாக்கனுக்கு ரசாயனம் இன்னும் வசப்படவில்லை. தண்ணீரே தன் பங்குக்கு ஹைட்ரஜன் அயனிகளைத் தருகிறது. இங்கே அந்தப் பங்கு அமிலம் தருவதைவிடப் பெரியது. இரண்டையும் சேர்த்து ஓர் இருபடிச் சமன்பாடு எழுதினால் விடை 6.98. ஏழுக்குச் சற்றுக் கீழே. அமிலமேதான், மிகவும் நீர்த்த அமிலம்.

இத்தோடு விடலாகாது. எவ்வளவு நீர்த்த பின்பு தண்ணீரின் பங்கைக் கணக்கில் எடுக்க வேண்டியிருக்கும் என்று கேட்க வேண்டும். 10⁻⁶ செறிவில் போட்டுப் பார்த்தால் வித்தியாசம் நூற்றில் ஒரு பங்குதான். 6 என்றே எழுதிவிட்டுப் போகலாம். 10⁻⁷ செறிவில் ஒரு வினோதம் காத்திருக்கிறது. அங்கே ஹைட்ரஜன் அயனிகளின் செறிவு, அமிலச் செறிவைப்போல் 1.618 மடங்கு என்று வரும். சிற்பிகளும் கணித வல்லுநர்களும் பொன் விகிதம் என்று கொண்டாடுகிற அதே எண். பி.எச். 6.79. பரீட்சையில் இதை யாரும் கேட்க மாட்டார்கள். கேட்காவிட்டால் என்ன, ஒரு சாயங்காலத்தின் சந்தோஷத்துக்கு இது போதாதா?

சமநிலை குறித்த கேள்விகளிலும் இவ்விதமான கண்ணி உண்டு. நைட்ரஜனும் ஹைட்ரஜனும் கூடி அம்மோனியாவாகும் வினை சமநிலையில் இருக்கிற ஒரு கலத்துக்குள் ஆர்கான் வாயுவைச் செலுத்தினால் என்ன ஆகும்? 'அழுத்தம் கூடினால் மூலக்கூறுகள் குறையும் பக்கத்துக்குச் சமநிலை நகரும்' என்று லெ சாட்லியர் விதியை வாய்ப்பாடாகச் சொல்லுகிறவன், அம்மோனியா பெருகும் என்பான். கலத்தின் கனஅளவு மாறாமல் இருந்தால், ஆர்கான் அந்த மூன்று வாயுக்களின் தனித்தனி அழுத்தங்களைச் சிறிதும் தொடுவதில்லை, சமநிலை அசையாது. அழுத்தம் மாறாதபடி கலம் விரிந்து கொடுத்தால், தனித்தனி அழுத்தங்கள் குறைந்து அம்மோனியாவே சிதையும். 'மாறாத கனஅளவில்', 'மாறாத அழுத்தத்தில்' என்ற இரு சொற்றொடர்களில் ஒன்று கேள்வியின் ஏதாவது ஒரு மூலையில் அச்சாகியிருக்கும். அதைப் படிக்காமல் போனவனுக்குப் பரீட்சகர் மீது வருத்தம் கொள்ள உரிமையில்லை.

மோல் கணக்குகளுக்கு நான் ஒரே ஒரு யோசனைதான் சொல்வேன்: கடைசியில் நிறையைக் கூட்டிப் பாருங்கள். 10 கிராம் ஹைட்ரஜனும் 64 கிராம் ஆக்சிஜனும் சேர்ந்தால் எவ்வளவு தண்ணீர்? ஆக்சிஜன் 2 மோல்தான் இருக்கிறது, அது 4 மோல் தண்ணீர் தரும், 72 கிராம். மிஞ்சிய ஹைட்ரஜன் 2 கிராம். முன்பு 74, பின்பும் 74. இந்தக் கூட்டலுக்குப் பத்து விநாடி ஆகாது. ஹைட்ரஜனை வைத்துக் கணக்கிட்டு 90 கிராம் என்று எழுதுகிறவன், 74 கிராம் பொருளிலிருந்து 90 கிராம் தண்ணீரை எடுக்கிற சித்துவேலையைச் செய்கிறோம் என்பதைக்கூட உணராமல் போகிறான். ஆக்சிஜனேற்ற எண்ணிலும் அப்படியே. ஒரு குரோமியமும் ஐந்து ஆக்சிஜனும் கொண்ட நீலநிறச் சேர்மத்தில் குரோமியத்தின் எண் +10 என்று விடை வந்தால், ஆவர்த்தன அட்டவணையில் ஆறாம் தொகுதியில் இருக்கிற குரோமியத்திடம் கொடுப்பதற்குப் பத்து எலக்ட்ரான் ஏது என்று கேட்டுவிட்டால் போதும். நான்கு ஆக்சிஜன்கள் பெராக்சைடு வகை என்பதும், உண்மையான எண் +6 என்பதும் அந்தக் கேள்வியிலிருந்தே வெளிப்பட்டுவிடும்.

இனிப் பரீட்சையின் வடிவத்தைப் பற்றிச் சிறிது. ஐ.ஐ.டி. நுழைவுத் தேர்வின் இரண்டாம் கட்டம் 2005 வரை விடையை விரித்து எழுதுவதாக இருந்தது. 2006 முதல் தேர்வு முழுவதும், கொடுத்த விடைகளில் தெரிவு செய்கிற முறைக்கு வந்தது. 2013இல் மெயின், அட்வான்ஸ்டு என்று இரண்டாகப் பிரிந்தது. நம் மாநிலத்திலும் 1984 தொடங்கி 2006 வரை தனி நுழைவுத் தேர்வு இருந்து, பிளஸ் டூ மதிப்பெண்ணோடு சேர்த்து 300க்குக் கட்-ஆஃப் பார்த்தார்கள். இப்போது கணிதத்துக்கு 100, பௌதிகத்துக்கும் ரசாயனத்துக்கும் ஐம்பது ஐம்பது என்று 200க்குத்தான் கட்-ஆஃப். விரித்து எழுதும் முறையில் மாணாக்கனின் சிந்தை போன வழி தெரியும். அந்த முறையே சிறந்தது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் பத்து லட்சத்துக்கும் மேற்பட்டோர் எழுதுகிற ஜே.இ.இ. மெயின் தேர்வில் அப்படி எழுதச் சொன்னால் திருத்துவது யார்?

தெரிவு செய்கிற முறையையும் நான் முற்றாக நிந்திப்பதில்லை. நான்கு விடைகளில், பரிமாணம் பொருந்தாதது ஒன்று இருக்கும். உராய்வைப் பூஜ்யமாக்கினால் அபத்தமாகிற விடை இன்னொன்று இருக்கும். இவற்றை நீக்குகிற சாமர்த்தியத்தைக் குறுக்கு வழி என்று பழிப்போர் உண்டு. அதுவே நான் இவ்வளவு நேரம் சொல்லிவந்த குறுக்கு விசாரணை என்பதை அவர்கள் கவனிக்கவில்லை. சரியான விடைக்கு 4, தவறுக்கு 1 குறைப்பு என்ற மெயின் தேர்வின் வழக்கப்படி, கண்ணை மூடிக்கொண்டு ஒன்றைக் குறித்தால் சராசரியாகக் கிடைப்பது கால் மதிப்பெண். ஒன்றை நியாயமாக நீக்கிவிட்டுக் குறித்தால் மூன்றில் இரண்டு. இரண்டை நீக்கினால் ஒன்றரை. தெரியாத கேள்வியைத் தொடவே கூடாது என்று மிரட்டி வைக்கிற ஆசிரியர்கள் இந்தச் சிறு கணக்கை ஒருமுறை போட்டுப் பார்க்கலாம்.

பரிகாரம் தேட வேண்டிய பெரிய சங்கடம் ஒன்று இருக்கிறது. கேள்வித்தாளைக் கைப்பேசியால் படம் பிடித்த மாத்திரத்தில், படிப்படியாக விடை திரையில் வந்து நிற்கிற காலம் இது. அதைத் தடுப்பது நடக்கிற காரியமல்ல. நான் பிள்ளைகளிடம் கேட்பது ஒரு சிறு விரதம்தான். கணக்கைப் படித்தவுடன் படம் போடு. விடை ஏறத்தாழ எவ்வளவு இருக்கும், எதைப் பொறுத்துக் கூடும், எதைப் பொறுத்துக் குறையும் என்று ரஃப் நோட்டில் ஒரு வரி எழுது. அதற்குப் பிறகு வேண்டுமானால் தீர்வைப் பார். அந்த ஒரு வரி இல்லாமல் பார்த்த தீர்வு, சாப்பிட்டவனைப் பார்த்துப் பசியாறுவது போன்றது. பார்த்த கணக்கை மறுநாள் புத்தகத்தை மூடிவிட்டுப் போட வேண்டும் என்பதை எல்லா ஆசிரியர்களும் சொல்வார்கள், நானும் சொல்கிறேன். எண்களை மாற்றிப் போடாதே, நிபந்தனையை மாற்றிப் போடு என்பது மட்டும் நான் சேர்த்துக்கொள்வது.

தமிழ் வழியில் படிக்கிற பிள்ளைகள் சிலர், இந்த விவகாரமெல்லாம் ஆங்கிலம் அறிந்தோருக்கு என்று ஒதுங்கி நிற்கிறார்கள். மெயின் தேர்வை 2021 முதல் தமிழிலும் எழுதலாம். அட்வான்ஸ்டு தேர்வு மட்டும் இன்னும் ஆங்கிலத்திலும் இந்தியிலும்தான். நம் அரசாங்கப் பாடநூல்களில் பதினொன்றாம் வகுப்பின் புக் பேக் கணக்குகளை இங்கே சொன்ன விதமாக ஒவ்வொன்றாக விசாரித்துப் போட்டு முடித்த பிறகே மற்றப் புத்தகங்களைத் தொட வேண்டும் என்பது என் திடமான அபிப்பிராயம். பிளஸ் ஒன்னைத் தாண்டிக் குதித்து நேரே பிளஸ் டூ பாடத்தை நடத்துகிற வழக்கத்தினால் விளைந்த சேதத்தை நான் வருஷந்தோறும் பார்க்கிறேன். இயக்கவியலும் மோல் கருத்தும் அந்த வகுப்பில்தான் இருக்கின்றன.

வாசகர்களுக்கு ஒரு கணக்கைக் கொடுத்து முடிக்கிறேன். ஒரு கண்ணாடி டம்ளரில் தண்ணீர். அதில் ஒரு பனிக்கட்டி மிதக்கிறது. அந்தப் பனிக்கட்டிக்குள் ஓர் இரும்புக் குண்டு உறைந்திருக்கிறது. பனிக்கட்டி முழுவதும் உருகினால் நீர்மட்டம் ஏறுமா, இறங்குமா, அப்படியே நிற்குமா? விடை தெரிந்தவுடன் நிறுத்திவிடாதீர்கள். இரும்புக்குப் பதில் தக்கைத் துண்டு இருந்தால் என்ன, காற்றுக் குமிழி இருந்தால் என்ன, குண்டே இல்லாத பனிக்கட்டி உப்பு நீரில் மிதந்தால் என்ன என்று ஒவ்வொன்றாகக் கேட்டுப் பாருங்கள். வீட்டில் பதினொன்றாம் வகுப்புப் பிள்ளை இருந்தால் அதனிடமும் கேளுங்கள். தயவுசெய்து விடையைச் சொல்லிவிடாதீர்கள்.